எல்லைக்குத் தெற்கே ஒரு சந்தி

போன வருடம் யாராவது அந்த ஊரைப் பற்றி என்னிடம் கேட்டிருந்தால், "அங்க என்ன கிடக்கு? ஒரு சந்தி, ஒரு காஸ் ஸ்டேஷன், நாலு மாடு" என்று சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போயிருப்பேன். மொன்றியல் துறைமுகத்தில் கொன்டெய்னர் ஏற்றிக்கொண்டு கிழமைக்கு இரண்டு தரம் எல்லை தாண்டித் தெற்கே அமெரிக்காவுக்குள் போகிற ட்ரக்காரன் நான். சாமான் இறக்குகிற களஞ்சியம் அந்தப் பக்கம் இருப்பதால் பெருந்தெருவை விட்டு இறங்கி அந்த ஊருக்குள்ளால்தான் போகவேண்டும். பதினொரு வருடம் போய்வந்தும் அதன் பெயர்ப்பலகையை ஒரு நாளாவது முழுதாக வாசித்ததில்லை.

இப்போது எனக்கு அந்த ஊர் தலைகீழ்ப் பாடம். சந்தியில் ஒரு மஞ்சள் விளக்கு, பச்சைக்கோ சிவப்புக்கோ மாறாமல் நாள் முழுக்கச் சிமிட்டிக்கொண்டே இருக்கும். காஸ் ஸ்டேஷனில் ஒரே மேசையில் பீட்சா, பால், மீன் பிடிக்கிற புழு, துப்பாக்கி ரவை எல்லாம் விற்பார்கள். டவுன் ஹோலும் பனி தள்ளுகிற வண்டி நிற்கிற கராஜும் ஒரே கட்டடம். பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். பிள்ளைகளை மஞ்சள் பஸ்ஸில் ஏற்றி அடுத்த ஊருக்கு அனுப்புகிறார்கள். இரண்டு தேவாலயங்களில் ஒன்றுக்கு ஜன்னலெல்லாம் பலகை அடித்திருக்கிறது. தெருவோரமெல்லாம் பாரிய மாட்டுத் தொழுவங்கள், பாதிக்குமேல் முகடு இடிந்து விழுந்தவை. மாடுகளை விற்றுவிட்டவர்கள் வாசலில் ஒரு சோபாவைப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மொன்றியலில் நாங்கள் இருக்கிற பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்கள் தெருவின் ஒரு பக்கத்தில் இருக்கிற சனத்தைக் கூட்டினாலே அந்த ஊர்ச் சனத்தைவிடக் கூட வரும்.

அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். எதிரே வாகனத்தில் வருகிறவன் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்துவான், அதுதான் வணக்கம். எனக்கு அது பெரிய பகிடி. இந்த விரலை உயர்த்துவதற்கு உயர்த்தாமலே விடலாமே என்று நினைப்பேன். காஸ் ஸ்டேஷன் பெண்பிள்ளை, நான் மூன்றாவது தரம் போனபோதே என் கோப்பியை நான் கேட்காமலே கலந்து வைத்தாள். "உன் ஆட்கள் எங்கே?" என்றும் ஒரு நாள் கேட்டாள். எனக்குச் சுர்ரென்று வந்தது. உனக்கேனடி என் ஆட்களின் விபரம் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு, கோப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அப்படி வளர்ந்தவன் நான். பதினேழு வயதில், ஊரில், ஆமியின் ஒரு சுற்றிவளைப்பில் எங்களைப் பள்ளிக்கூட மைதானத்தில் வெயிலில் இருத்தினார்கள். எங்கள் பக்கத்து வீட்டுக்காரனை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி, தெரியுமா என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். அவனிடம் என்னைக் காட்டிக் கேட்டார்கள், அவனும் தெரியாது என்றான். தினமும் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளிய இரண்டு பேர். பின்னேரம் இருவரும் உயிரோடு வீட்டுக்கு வந்தோம். எங்கள் சனத்தில் பாதிப் பேர் அந்த ஒரு சொல்லால் தப்பியவர்கள். யாராவது சீருடைக் குரலில் ஒரு ஆளைப் பற்றிக் கேட்டால் மூளை யோசிக்க முதல் வாய் சொல்லிவிடும்.

மனைவிக்கு ஒரே ஒரு தம்பி. எனக்கு மச்சான். எத்தனையோ நாடு சுற்றி அமெரிக்காவுக்குள் வந்து, அங்கே ஒரு சாப்பாட்டுக்கடையின் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு இரண்டு வருடம் இருந்தான். அக்காவிடம் வந்துவிட வேண்டும் என்பதுதான் அவனுக்கு ஒரே நினைப்பு. முந்திச் சனம் வரிசையாக நடந்து வந்த வழியை அடைத்துவிட்டார்கள். எல்லையில் பிடிபட்டால் வந்த பக்கமே திருப்பி அனுப்புவார்கள். ஒளித்து நடந்துதான் வரவேண்டும். காசு வாங்கிக்கொண்டு வழி ஒழுங்குசெய்த ஏஜென்சிக்காரன் போனில் எங்கள் இருவருக்கும் வகுப்பு எடுத்தான். "ஆர் எடுத்து ஆரைக் கேட்டாலும் தெரியாது எண்டு சொல்லிப்போட்டு வைச்சிடுங்கோ. தெரியும் எண்டு வாயைத் திறந்தியளோ, அவனையும் பிடிச்சு உங்கடை பழைய அகதிக் கேஸையும் கிளறுவாங்கள்."

மனைவி அதை மந்திரம்போலப் பிடித்துக்கொண்டாள். நான் வேலைக்கு இறங்குகிற ஒவ்வொரு காலையும் கதவடியில் நின்று சொல்லுவாள்.

"இஞ்சேருங்கோ, ஆர் எடுத்தாலும் தெரியாது எண்டு சொல்லுங்கோ. விளங்கிச்சோ?"

"ஓமப்பா, ஓம். நான் என்ன சின்னப்பிள்ளையே?"

"இல்லை, நீங்கள் கோபத்தில ஏதும் வாயைக் குடுத்திடுவியள்."

கதவடியில் அவனுக்கென்று வாங்கிய பனிச் சப்பாத்து ஒரு சோடி காத்துக்கொண்டிருந்தது. அக்கா அளவு கேட்டு வாங்கியது. அதை எங்கள் சப்பாத்துகளோடு சேர்த்து வைக்கக்கூடாது என்று தனியே ஒரு கடதாசி விரித்து வைத்திருந்தாள்.

மான் வேட்டைக் காலம் அது. முதல் பெரிய பனி கொட்டி இரண்டு நாள். காலை பத்து மணி இருக்கும், துறைமுக வாசலில் வரிசையில் நின்றேன். போன் அடித்தது. அமெரிக்க நம்பர். ஒரு பெண் குரல், கரகரத்த குரல். எங்களிடம் ஒரு ஆள் இருக்கிறார், அவருடைய ஜாக்கெட்டுக்குள் இந்த நம்பர் எழுதியிருக்கிறது, உனக்கு அவரைத் தெரியுமா என்று கேட்டாள். பின்னால் வயர்லெஸ் கரமுரவென்று இரைந்தது. பொலிஸ் என்று அந்தக் கணமே முடிவு கட்டினேன். "தெரியாது. பிழையான நம்பர்" என்று ஆங்கிலத்தில் தெளிவாக, ஒரு நடுக்கமும் இல்லாமல் சொன்னேன். தயவுசெய்து ஒரு நிமிஷம் என்று அவள் தொடங்கினாள். வைத்துவிட்டேன். இன்னும் இரண்டு தரம் அடித்தது. அந்த நம்பரையே பிளாக் பண்ணினேன்.

பெருமைப்பட்டேன் என்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் பட்டேன். நல்ல வேலை செய்தாயடா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனைவியிடம் சொல்லவில்லை. வீணாகப் பயப்படுவாள். அவன் வந்து சேர்ந்த பிறகு, சோறு போட்டுக் கொடுத்துவிட்டு, "உம்மடை தம்பி அண்டைக்குத் தப்பினது என்ரை கெட்டித்தனத்தால" என்று பகிடியாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

அவன் வரவில்லை. பிடித்து உள்ளே வைத்திருப்பார்கள், சத்தம் போடாமல் இருங்கோ, வெளியில விடேக்க அவனே எடுப்பான் என்றான் ஏஜென்சிக்காரன். மார்கழி போனது, தை போனது. மனைவி வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போய் நெய்விளக்கு ஏற்றினாள். சப்பாத்தின்மேல் படிந்த தூசியைச் சனிக்கிழமைகளில் துடைத்தாள். நான் வழக்கம்போலக் கிழமைக்கு இரண்டு தரம் அந்த ஊருக்குள்ளால் போய்வந்தேன்.

சந்தியைத் தாண்டினால் சவக்காலை, ஊரின் கல்லறைத் தோட்டம். அதன் ஓரத்துச் சரிவில், மண்ணுக்குள் பாதி புதைந்தாற்போல ஒரு சின்னக் கல் அறை இருக்கும், இரும்புக் கதவு போட்டது. உருளைக்கிழங்கு சேமிக்கிற இடமாக்கும் என்றுதான் பதினொரு வருடமும் நினைத்திருந்தேன். செத்தவனுக்குப் பக்கத்தில் கிழங்கு வைக்கிறாங்களே, இவங்களுக்கு ஒரு அருவருப்பும் இல்லையோ என்று சிரித்தும் இருக்கிறேன். அந்தக் குளிர்காலம் முழுக்க எத்தனை தரம் அதைக் கடந்து போயிருப்பேன் என்று கணக்குப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

பனி உருகத் தொடங்கிய ஒரு நாள் கோப்பிக்கு நிறுத்தினேன். கதவடியில் ஒரு அறிவித்தல் பலகை. பழைய ட்ராக்டர் விற்பனைக்கு, பூனைக்குட்டிகள் இலவசம், அதற்கு நடுவில் பேனாவால் எழுதிய ஒரு தாள். நிலம் இளகிவிட்டதால், போன வேட்டைக் காலத்தில் எங்கள் ஊரில் கண்டெடுக்கப்பட்ட மனிதரை வருகிற சனிக்கிழமை காலை அடக்கம் செய்கிறோம். அவருடைய பெயர் எங்களுக்குத் தெரியாது. முப்பது வயதுக்கு மேலிருக்கும், வலது கையில் சிவப்பு நூல் கட்டியிருந்தார். எல்லோரும் வாருங்கள். பிறகு தீயணைப்பு நிலையத்தில் சாப்பாடு. முடிந்தவர்கள் ஒரு சட்டி சமைத்துக் கொண்டுவாருங்கள்.

அந்தச் சிவப்பு நூல் எங்கள் கோயிலில் கட்டுகிறது. மனைவி ஐயரிடம் வாங்கித் தபாலில் அனுப்பியது, நான்தான் தபாலில் போட்டேன்.

"நீ சரியாக இருக்கிறாயா?" என்று அந்தக் கோப்பிப் பிள்ளை கேட்டாள். நிலம் இளகினதால் என்றால் என்ன என்று அவளிடம் கேட்டேன். குளிர்காலத்தில் இங்கே மண் கல்லாகிவிடும், கிண்ட முடியாது, அதனால் செத்தவர்களை வசந்தம் வரை அந்தக் கல் அறையில் வைத்திருப்போம் என்றாள். தன்னுடைய பெரியப்பாவும் இந்த வருடம் அதற்குள்தான் என்றாள், ஏதோ அடுத்த வீட்டில் இருக்கிறார் என்பதுபோல. நான் ட்ரக்குக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு ஸ்டியரிங்கில் தலையை முட்டினேன். பிறகு போனை எடுத்துப் பார்த்தேன். பிளாக் பண்ணிய நம்பர் அப்படியே இருந்தது. அந்த அறிவித்தல் தாளின் அடியில் எழுதியிருந்த தீயணைப்பு நிலையத்தின் நம்பரேதான் அது.

மனைவிக்குத் தம்பி செத்துவிட்டான் என்று சொன்னேன். போன் வந்ததைச் சொல்லவில்லை. அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு விழுந்த கோலத்தில் எப்படிச் சொல்ல? பேந்து சொல்லுவம், பேந்து சொல்லுவம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே டவுன் கிளார்க்குக்குப் போன் எடுத்தேன். அந்த மனுசி என் மச்சானின் பெயரை ஒவ்வொரு எழுத்தாக இரண்டு தரம் வாசித்துச் சரிபார்த்தாள். படம் அனுப்பினாள், ஆளை உறுதிப்படுத்தினோம், கேட்ட கடதாசிகளில் கையெழுத்துப் போட்டோம். விரும்பினால் அடக்கத்தை ஒத்திவைக்கலாம், உங்கள் ஊருக்குக் கொண்டுபோகலாம், கொஞ்சம் நாளாகும் என்றாள். மனைவி மாட்டேன் என்றுவிட்டாள். "அஞ்சு மாசம் அந்தக் கல்லுக்குள்ள குளிருக்க கிடந்தவன். நெருப்பும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம், இனியும் அவனைக் காவித் திரியாதேங்கோ."

சனிக்கிழமை நானும் அவளும் மட்டும் போனோம். ஐம்பது பேருக்கு மேல் நின்றார்கள். வேட்டைத் தொப்பி போட்ட கிழவர்கள், பிள்ளை தூக்கிய பெண்கள், பனி தள்ளுகிற வண்டிக்காரன்தான் குழி வெட்டியவன், சேறு படிந்த சப்பாத்தோடு தள்ளி நின்றான். பெட்டியின் மேல் அன்று காலை புதிதாக ஒரு பலகை ஆணி அடித்திருந்தார்கள். அதில் மச்சானின் பெயர் முழுதாக, பிழையில்லாமல். மனைவி வீட்டிலிருந்து பையில் கொண்டுவந்த அரிசியை மூடிய பெட்டியின் மேலேயே போட்டாள். அதைப் பார்த்துவிட்டு ஒரு கிழவர் வந்து தானும் கொஞ்சம் போடலாமா என்று சைகையால் கேட்டார். பிறகு ஒவ்வொருவராக வந்து கையை நீட்டினார்கள். இவ்வளவு காலம் விரல் காட்டுகிற விசரர் என்று நான் சிரித்த சனம்.

தீயணைப்பு நிலையத்தில் நீள மேசைகள். மாக்கறோனி, பன்றி இறைச்சி, அவித்த போஞ்சி. ஓரத்தில் ஒரு சட்டி வெறும் சோறு, குழைந்துபோய், வெண்ணெய் போட்டு. அதைச் சமைத்தவள் வந்து எங்கள் முன்னால் இருந்தாள். அறுபது வயது மதிக்கலாம், பெரிய கைகள், பள்ளி பஸ் ஓட்டுகிறவள், ஊர் அம்புலன்சில் சம்பளமில்லாத தொண்டர். வாயைத் திறந்தாள். அந்தக் கரகரத்த குரல்.

என் மனைவிக்கு ஆங்கிலம் வராது. மொன்றியலுக்கு வந்ததும் வகுப்புக்குப் போய்ப் பிரெஞ்சு படித்தவள், பொதி கட்டுகிற வேலையிடத்திலும் அதுதான். பெண் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொல்லவேண்டியிருந்தது. வேட்டைக்காரன் ஒருவன் காலையில் தொழுவம் ஒன்றின் பின்னால் அவனைக் கண்டிருக்கிறான். இங்கேதான் தூக்கி வந்தார்கள், இதே மேசையில்தான் கிடத்தினார்கள். உயிர் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரி வண்டி பனியில் அங்காலே மாட்டிக்கொண்டு நின்றது.

"உயிரோடயோ?" என்றாள் மனைவி. "பேந்து? பேந்து என்னவாம்?"

பெண் மேசையைப் பார்த்தபடி சொன்னாள். ஜாக்கெட்டில் ஒரு நம்பர் இருந்தது, நான் எடுத்தேன். ஒரு ஆண் எடுத்தார். தெரியாது, பிழையான நம்பர் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நான் என்ன செய்திருக்கவேண்டும் சொல்லுங்கள்? வேறு எதையாவது மாற்றிச் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. சொன்னதை அப்படியே சொன்னேன், யார் என்பதை மட்டும் விட்டுவிட்டு. "ஜாக்கெட்டில கிடந்த நம்பருக்குப் போன் எடுத்தவவாம். ஆரோ ஒரு ஆம்பிளை தெரியாது எண்டு சொல்லி வைச்சிட்டாராம்."

மனைவியின் முகம் கறுத்தது. "அவன் நம்பரைப் பிழையா எழுதிப்போட்டான், மடையன். அதுக்கு, சாகக் கிடக்கிற ஒருத்தனைப் பற்றிக் கேக்கேக்க ஒரு வார்த்தை என்ன ஏது எண்டு கேக்கக்கூடாதோ? அந்தக் கட்டையில போவான் ஆரப்பா? அவன்ரை வீட்டில சாவு விழாதோ?" கையை நெரித்தாள். "அவன் நல்லாயிருப்பானே? இருக்கமாட்டான். இருக்கவே மாட்டான்."

என்ன சொல்கிறாள் என்று பெண் கேட்டாள். அழுகிறாள் என்றேன்.

ஊர்ப் பெண்கள் இருவர் வந்து மனைவியைத் தோளில் அணைத்து முகம் கழுவக் கூட்டிக்கொண்டு போனார்கள். நானும் அந்த பஸ்காரப் பெண்ணும் மட்டும் இருந்தோம். அவள் குரலைத் தாழ்த்தினாள். உன் மனைவிக்கு முன்னால் ஒன்றை நான் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன், என் மனதிலிருந்து இறக்கவேண்டும் என்றாள். அவன் நித்திரையாகிக்கொண்டே போனான், நித்திரையாக விட்டால் முடிந்தது. தன்னுடைய மொழி கேட்டால் விழித்திருப்பான் என்று நினைத்துத்தான் எடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டு அவன் காதடியில் பிடித்தேன். அந்த ஆள் பேசியதும் அவன் கண்ணைத் திறந்தான். போனைப் பார்த்துச் சிரித்ததுபோலக்கூட இருந்தது. பிறகு அந்த ஆள் வைத்துவிட்டார். அதன்பின் கண்ணைத் திறக்கவில்லை.

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லோரையும் தெரிந்த ஊரில் குரலைத் தெரியாமலா போகும்? என் கோப்பையில் இன்னும் கொஞ்சம் கோப்பி ஊற்றிவிட்டு எழுந்து போனாள்.

மனைவி வந்ததும் டவுன் கிளார்க் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தாள். சிவப்பு நூல், ஒரு சீப்பு, நின்றுபோன போன், மடித்த ஜாக்கெட். மனைவி ஜாக்கெட்டை விரித்து முகத்தில் வைத்தாள், மணந்தாள். பிறகு உள்பக்கத்தைத் திருப்பினாள். வெள்ளைத் துணியில் கறுப்புப் பேனாவால் பெரிதாக எழுதியிருந்தான். அவள் விரலை வைத்து ஒவ்வொரு இலக்கமாகத் தமிழில் வாசித்தாள். ஐந்து. ஒன்று. நாலு. முடிவு வரைக்கும் வாசித்தாள். ஒன்றும் பிழையில்லை. அந்த நம்பர் அவளுக்குப் பாடம். பன்னிரண்டு வருடமாக என்னுடைய நம்பர்.

என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஜாக்கெட்டை மெல்ல மடித்துப் பைக்குள் வைத்தாள். எல்லோருக்கும் மெர்சி, மெர்சி என்று பிரெஞ்சில் நன்றி சொன்னாள்.

எல்லையில் எங்கே போனீர்கள் என்று அதிகாரி கேட்டார். செத்த வீடு என்றேன். யார் என்றார். மனைவியின் தம்பி என்றேன். அவனைத் தெரியும் என்று ஒரு சீருடைக்காரனிடம் நான் சொன்னது அதுதான் முதல் தரம்.

ஆற்றுப் பாலம் வரும்வரை அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். அடி, திட்டு, காறித் துப்பு, என்னத்தையாவது செய் என்று மனதுக்குள் கெஞ்சிக்கொண்டே ஓட்டினேன். அவள் திட்டியிருந்தால் எனக்குப் போதும்.

"நான்தானே சொன்னனான்," என்றாள்.

"என்னப்பா?"

"தெரியாது எண்டு சொல்லுங்கோ எண்டு ஒவ்வொரு நாளும் கதவடியில நிண்டு நான்தானே சொன்னனான். நீங்கள் என்ன செய்வியள்? அவ்வளவு சாபமும் நான் எனக்கே போட்டிருக்கிறன்." பையை மடியில் இறுக்கிப் பிடித்தாள். பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல, "நல்லகாலம், தெரியாது எண்டு நீங்கள் சொன்னது அவன்ரை காதில விழேல்லை. அவன் மயக்கத்தில கிடந்திருப்பான். கேட்டிருக்கமாட்டான், என்ன?"

"ஓம்," என்றேன். "கேட்டிருக்கமாட்டான்."